விசைப்பலகை தொடாமல் ஒரு சர்வர்: திருவொற்றியூர் யார்டுப் பதிவு

வெற்று டிஸ்க் பூட்டிய சர்வரின் மின்பொத்தானை அழுத்தினால், 41 நிமிடம் கழித்து எடைமேடையின் எடை அலுவலகத் திரையில் வந்து நிற்கிறது. நடுவில் யாரும் விசைப்பலகையைத் தொட வேண்டியதில்லை. மானிட்டர்கூட வேண்டாம். இந்த நிலைக்கு வந்து சேர்ந்த வழியைச் சிக்கல்கள் வந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். சர்வர் நிறுவலைத் தானியங்கியாக்கும் ஸ்கிரிப்டுகள் எங்கும் கிடைக்கும். அந்த ஸ்கிரிப்டுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச், கேபிள், பேட்டரி ஆகியவற்றைப் பற்றி எழுத்தில் கிடைப்பது குறைவு. என் நேரத்தில் பெரும்பகுதி போனதும் அங்கேதான்.

இடம், எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டு. கடல் கூப்பிடு தூரம். உள்ளே வரும் கேட்டில் ஒரு கணினி, வெளியே போகும் கேட்டில் ஒன்று, இரண்டு எடைமேடைகளுக்கும் சேர்த்து ஒன்று, அலுவலகத்தில் சில. இவை எல்லாம் எழுதுவது ஒரே ஒரு ரேக் சர்வரில் உள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில். அதே மாடலில் இன்னொரு சர்வர் மாற்றாக வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் பழையதைச் சீராக்கி விற்கும் கடையில் வாங்கியவை, ஒன்று ₹28,000. கேட் பதிவு நின்றால் சிறிது நேரத்திலேயே டிரெய்லர்களின் வரிசை சாலைக்குப் போய்விடும். அந்தச் சாலையில் நிற்கும் வரிசையின் வாலைப் பிடித்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும்.

மாற்று சர்வர் இருந்தும் பயன் இல்லாமல் இருந்தது. அதை எழுப்பும் முறை ஒரு கோடு போட்ட நோட்டில், இரண்டு பேரின் கையெழுத்தில், பாதி அடித்தல் திருத்தலோடு இருந்தது. முதன்மை சர்வரின் டிஸ்க் போன இரவில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்த பிறகுதான், நோட்டு செய்யும் வேலையை இயந்திரமே செய்ய வேண்டும் என்று இறங்கினேன்.

நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆக வைத்தல்

முதலில் ஒரு சிறிய கணினி, ₹7,500. சிறுபெட்டி என்று பெயர் வைத்திருக்கிறோம், இந்தப் பதிவிலும் அப்படியே சொல்கிறேன். இதில் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை), நெட்வொர்க் பூட்டுக்கு உதவும் டிஎன்எஸ்மாஸ்க், ஒரு வெப் சர்வர், தொகுப்புகளைச் சேமித்துத் தரும் ஆப்ட்-கேச்சர். ஐபி முகவரி வழங்கும் வேலை யார்டின் ரவுட்டரிடம் இருக்கிறது. அதைப் பராமரிப்பவர்கள் வேறு. அதில் கை வைக்க எனக்கு அனுமதி இல்லை. முகவரி வழங்கும் இந்த முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு டிஎச்சிபி இருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். டிஎன்எஸ்மாஸ்க்கில் பிராக்ஸி முறை ஒன்று உண்டு. முகவரியை ரவுட்டரே கொடுக்கும். "எந்தக் கோப்பைக் கொண்டு பூட் ஆக வேண்டும்" என்பதை மட்டும் டிஎன்எஸ்மாஸ்க் சொல்லும். டிஎச்சிபி வரம்பை எழுதும் வரியில் முடிவு முகவரிக்குப் பதிலாக 'பிராக்ஸி' என்ற சொல்லைப் போட்டால் போதும். அடுத்தவர் ரவுட்டரைத் தொட முடியாத இடங்களில் இது பெரிய உதவி.

சர்வரை இயக்கினேன். நெட்வொர்க் வழி பூட் ஆகும் முறையான பிஎக்ஸ்இயின் பிழை வந்தது: பிஎக்ஸ்இ-ஈ51. டிஎச்சிபியிடமிருந்தும் பிராக்ஸியிடமிருந்தும் எந்தப் பதிலும் வரவில்லை என்று அதற்குப் பொருள். சந்தேகம் இயல்பாகவே டிஎன்எஸ்மாஸ்க் அமைப்பின் மேல் போனது. அதை வரி வரியாகப் பார்த்து, ஃபயர்வால் விதிகளைத் தளர்த்தி, சிறுபெட்டியின் கேபிளை மாற்றி, எதிலும் பலன் இல்லை.

வழி காட்டியது, நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப். சிறுபெட்டியில் அதை ஓடவிட்டுக் கொண்டு சர்வரை இயக்கினால், சர்வர் தன் திரையில் "கேட்கிறேன்" என்று புள்ளிகளை வைத்துக்கொண்டே போகிறது. சிறுபெட்டிக்கு ஒரு பாக்கெட்கூட வரவில்லை. அப்படியானால் பதில் தொலையவில்லை, கேள்வியே வந்து சேரவில்லை. ரேக்குக்குப் பின்னால் போய் ஸ்விட்ச்சின் விளக்கைப் பார்த்தேன். சர்வர் உயிர்பெற்றதும் அந்தப் போர்ட்டின் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிகிறது. கைக்கடிகாரத்தில் பார்த்தால் அரை நிமிடம். பிறகு பச்சை. அதற்குள் சர்வர் கேட்டு முடித்துக் கைவிட்டுவிடுகிறது.

அது ஸ்பேனிங் ட்ரீ. நெட்வொர்க்கில் வளையம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள, புதிதாக உயிர்பெறும் போர்ட்டை ஸ்விட்ச் 15 விநாடி கவனிக்கிறது, இன்னும் 15 விநாடி கற்றுக்கொள்கிறது, அதற்குப் பிறகுதான் பாக்கெட்டை விடுகிறது. பழைய 802.1டி தரத்தின் இயல்பான அளவு இது. சந்தேகத்தை உறுதி செய்ய எளிய வழி: ₹900-க்கு வாங்கிய ஐந்து போர்ட் சாதாரண ஸ்விட்ச் ஒன்றை இடையில் போட்டேன். பெரிய ஸ்விட்ச்சுக்கும் சின்ன ஸ்விட்ச்சுக்கும் இடையிலான இணைப்பு எப்போதும் உயிரோடு இருப்பதால் காத்திருப்பு இல்லை. சர்வர் உடனே பூட் கோப்பைக் கேட்டு வாங்கியது.

நிரந்தரத் தீர்வு, சர்வர்களும் கணினிகளும் இருக்கும் போர்ட்டுகளை மட்டும் 'எட்ஜ்' போர்ட்டாக, அதாவது இந்தக் காத்திருப்பு இல்லாத போர்ட்டாக, அறிவிப்பது. இன்னொரு ஸ்விட்ச்சை நோக்கிப் போகும் போர்ட்டுகளில் இதைச் செய்யக் கூடாது. எட்ஜ் போர்ட்டில் பிபிடியூ கார்டு (guard) என்ற வளையக் காவலையும் போட்டுவிட்டேன். யாராவது ஒரு கேபிளின் இரு முனைகளையும் சுவர் சாக்கெட்டுகளில் சொருகினால் அந்தப் போர்ட் மட்டும் அணையும், யார்டு முழுவதும் அணையாது. அந்தச் சின்ன ஸ்விட்ச்சை இப்போது என் கருவிப் பையில் வைத்திருக்கிறேன். மல்டிமீட்டருக்கு இணையான சோதனைக் கருவி அது.

அடுத்தது சின்னச் சிக்கல், ஆனால் எரிச்சலானது. சர்வர் கேட்டு வாங்கும் பூட் கோப்பான பிஎக்ஸ்இலினக்ஸ், ஒவ்வொரு கணினிக்கும் அதன் மேக் முகவரியின் (நெட்வொர்க் கார்டின் தனி அடையாள எண்) பெயரில் தனி அமைப்புக் கோப்பைத் தேடும். முன்னால் 01, நடுவில் இணைப்புக்குறிகள். சர்வரின் முன்புறத்தில் இழுத்தால் வரும் பிளாஸ்டிக் பட்டையில் மேக் முகவரி பெரிய எழுத்துகளில் அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்து அப்படியே கோப்புக்குப் பெயர் வைத்தால் பிஎக்ஸ்இலினக்ஸ் கண்டுகொள்ளாது. அது தேடுவது சிறிய எழுத்தில். சிறுபெட்டியின் பதிவேட்டில் "இந்தக் கோப்பு இல்லை" என்ற வரி தெளிவாக இருக்கும். பார்க்க வேண்டியது அங்கேதான்.

பூட் ஆன பின் நெட்வொர்க் காணாமல் போனது

லினக்ஸின் மையமான கர்னல் ஏறியது, டெபியன் நிறுவியின் நீலத் திரை வந்தது, உடனே "நெட்வொர்க் கார்டு இல்லை" என்றது. அதே கார்டின் வழியாகத்தான் நிறுவியே வந்து இறங்கியிருக்கிறது. முதல் பார்வைக்குப் புதிர்தான். காரணம், பூட் நேரத்தில் கார்டை இயக்குவது கார்டிலேயே எரித்து வைத்த நிரல். லினக்ஸ் ஏறிய பின் அதன் டிரைவர் பொறுப்பெடுக்கிறது. இந்தச் சர்வரில் உள்ள கார்டின் டிரைவர் பிஎன்எக்ஸ்2. அதற்குத் தனி ஃபர்ம்வேர் கோப்பு (கார்டுக்குள் ஏற்ற வேண்டிய நிரல்) வேண்டும், அது கட்டற்ற உரிமத்தில் இல்லாதது. டெபியன் 12 முதல் குறுவட்டு வடிவ நிறுவிகளில் இத்தகைய ஃபர்ம்வேர் சேர்ந்தே வருகிறது. நெட்வொர்க் வழி பூட் ஆகும் சிறிய நிறுவியில் இல்லை.

நிறுவியில் ஆல்ட் விசையுடன் எஃப்4 அழுத்தினால் பதிவேடு ஓடும் திரை வரும். அங்கே ஃபர்ம்வேர் கோப்பின் பெயரைச் சொல்லியே "ஏற்ற முடியவில்லை" என்று எழுதியிருந்தது. நிறுவலில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் பார்க்க வேண்டிய திரை அது.

தீர்வு எளிமையானது. டெபியன் தளத்தில் ஃபர்ம்வேர்கள் அடங்கிய சிபிஐஓ தொகுப்புக் கோப்பு தனியாகக் கிடைக்கிறது. கர்னலோடு சேர்ந்து ஏறும், நிறுவியின் இனிட்ஆர்டி கோப்பின் வாலில் அதை அப்படியே ஒட்டிவிட வேண்டும். கோப்புகளை ஒட்டும் கேட் (cat) கட்டளையால் இரண்டையும் சேர்த்து ஒரே கோப்பாக எழுதினால் போதும். கர்னல் இரண்டையும் வரிசையாகப் பிரித்துக்கொள்ளும். கோப்பு பெரிதாவதால் ஏறுவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கிறது. அதை ஏற்றுக்கொண்டேன்.

கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில்

பிரீசீட் கோப்பு என்பது நிறுவி கேட்கும் எல்லாக் கேள்விகளுக்கும் எழுதி வைத்த விடைத்தாள். மொழி, நேர மண்டலம், பயனர் ஆகியவற்றில் சொல்ல எதுவும் இல்லை. கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதக் கூடாது என்பதை மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கோப்பு சாதாரண எச்டிடிபியில் யார் கேட்டாலும் கிடைக்கும். குறியாக்கம் செய்த வடிவை மட்டும் வைத்து, நிறுவல் முடிந்ததும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) சாவியால் மட்டுமே நுழைய முடியும்படி செய்திருக்கிறேன். இணைப்பு வரும்வரை நிறுவி காத்திருக்கும் நேரம் இயல்பாக 3 விநாடிதான். அதைக் கூட்டும் வரியும் பிரீசீட்டில் உண்டு, 20 ஆக்கினேன்.

நிதானம் தேவைப்பட்டது டிஸ்க் தேர்வில். பிரீசீட்டில் பலரும் எஸ்டிஏ என்று டிஸ்க்கின் பெயரை நேரடியாக எழுதிவிடுவார்கள். அந்தப் பெயர் நிலையானது அல்ல. யாராவது பென்டிரைவைச் சொருகி மறந்திருந்தாலோ, சர்வரின் உள்ளே இருக்கும் கார்டு ரீடர் முதலில் கண்ணில் பட்டாலோ எஸ்டிஏ வேறொன்றாகிவிடும். தானாக ஓடும் ஒரு நிரல் தவறான டிஸ்க்கை அழித்தால் "வேண்டாம்" என்று சொல்ல அருகில் ஆள் இருக்காது. ஆகவே பகிர்வுப் பிரிப்புக்கு முன் ஓடும் கட்டளையில் மூன்று நிபந்தனைகள் எழுதினேன்: 200 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை மட்டும் பார், ஒன்றுக்கு மேல் இருந்தால் நிறுத்து, நிறுத்தும்போது சிறுபெட்டிக்கு ஒரு வரி எழுதிவிட்டு நில். நிறுவியிலேயே எஸ்எஸ்எச் வழியாக நுழைய உதவும் நெட்வொர்க்-கன்சோல் கூறையும் சேர்த்துக்கொண்டேன். நின்றால் என் இருக்கையிலிருந்தே உள்ளே போய்ப் பார்க்கலாம்.

அடுத்த ஆபத்து இதைவிடப் பெரியது. பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருக்கிறது. நிறுவல் முடிகிறது, சர்வர் மறுதொடக்கம் ஆகிறது, மீண்டும் நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆகிறது, மீண்டும் டிஸ்க்கை அழித்து முதலிலிருந்து நிறுவுகிறது. சோதனையில் இது நடந்தபோது பதற்றம் இல்லை, ஏனென்றால் டிஸ்க்கில் எதுவும் இல்லை. ஆனால் தரவு இருக்கும் சர்வர் ஒரு மின்வெட்டுக்குப் பிறகு தானாக எழுந்து தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் வாய்ப்பு அது. அதை நினைத்தே அன்று வேலையை நிறுத்தி, இந்தப் பகுதியை முழுதாக மாற்றி எழுதினேன்.

இப்போதைய ஏற்பாடு இது. சிறுபெட்டியின் பொதுவான அமைப்புக் கோப்பு "உன் சொந்த டிஸ்க்கிலிருந்தே பூட் ஆகு" என்று மட்டும் சொல்லும். ஒரு சர்வரை நிறுவ வேண்டுமென்றால் அதன் மேக் முகவரியில் அனுமதிக் கோப்பை நான் கையால் உருவாக்க வேண்டும். நிறுவலின் கடைசிப் படியில் சர்வர் சிறுபெட்டிக்கு ஒரு செய்தி அனுப்பும். அந்த அனுமதிக் கோப்பு அழிந்துவிடும். செய்தி எந்தக் காரணத்தாலோ வராமல் போனாலும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் பழைய அனுமதிக் கோப்புகளை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அழித்துவிடும். நிறுவுவதற்கு ஒரு மனிதரின் சம்மதம் வேண்டும், நிறுவாமல் இருப்பதற்கு எதுவும் வேண்டாம். இந்த முழு வேலையிலும் நான் விட்டுக்கொடுக்காத விதி இது ஒன்றுதான்.

அன்சிபிள், பிறகு எடைமேடை

நிறுவிய சர்வரை வேலைக்குத் தயாராக்குவது, எழுதி வைத்த படிகளை வரிசையாகச் செய்யும் அன்சிபிள். போஸ்ட்கிரெஸ், பேக்கப், ஃபயர்வால், பயனர்கள், கண்காணிப்பு என்று தனித்தனிப் பாகங்கள். நோட்டில் இருந்ததை மாற்றி எழுதும் வேலை என்பதால் விரைவாகவே முடிந்தது. ஒன்றை மட்டும் கடுமையாகப் பின்பற்றினேன்: இரண்டாம் முறை ஓட்டினால் மாற்றம் பூஜ்யம் என்று வர வேண்டும். நேரடி ஷெல் கட்டளைகள் ஒவ்வொரு முறையும் "மாற்றினேன்" என்றே சொல்லும். அவற்றை எல்லாம் உரிய மாட்யூல்களுக்கு மாற்றினேன். முடியாத இடங்களில், இந்தக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் ஓடாதே என்ற நிபந்தனையைச் சேர்த்தேன். பூஜ்யம் வரத் தொடங்கிய பிறகுதான் யார்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை ஓட்டும் தைரியம் வந்தது. இரகசியங்கள் அன்சிபிள் வால்ட்டில் இருக்கின்றன. அதன் கடவுத்தொடர் முத்திரையிட்ட உறையில் அலுவலக இரும்புப் பெட்டியில் இருக்கிறது. நான் இல்லாத நாளிலும் சர்வர் எழ வேண்டும்.

எடைமேடைக் கணினிக்கு இதே முறையை நீட்டியபோது வேறு உலகம் தொடங்கியது. எடை காட்டும் கருவியிலிருந்து ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் கேபிள் வருகிறது, 9600 பாட் வேகம். இரண்டு மேடைகள், எனவே இரண்டு யுஎஸ்பி-சீரியல் மாற்றிகள். புதிதாக நிறுவிய கணினியை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை எடைமேடையில் இருக்கும் அக்காவிடமிருந்து அழைப்பு.

"தம்பி, இரண்டாவது மேடையில் வண்டியே இல்லை. கணினியில் முப்பத்தெட்டு டன் காட்டுகிறது."

"முதல் மேடையில் என்ன வண்டி நிற்கிறது, அக்கா?"

"நாற்பது அடி டிரெய்லர்."

"அப்படியானால் இரண்டும் இடம் மாறிவிட்டன. எதையும் சேமிக்க வேண்டாம், இதோ வருகிறேன்."

கணினி அணைந்து எழும்போது எந்த மாற்றி முதலில் கண்ணில் படுகிறதோ அது 0, அடுத்தது 1. யார்டில் எடை மாறிப் பதிவாவது சின்னக் கோளாறு இல்லை. அதை வைத்துத்தான் சீட்டு, கட்டணம், ஏற்றுமதியின் எடைச் சான்று எல்லாம். மாற்றியின் அடையாளத்தைக் கொண்டு நிலையான பெயர் தரலாம் என்று பார்த்தால், இந்த மலிவு மாற்றிகளில் உள்ள சிஎச்340 சில்லில் வரிசை எண்ணே கிடையாது. இரண்டுக்கும் ஒரே அடையாளம். ஆகவே எந்த யுஎஸ்பி துளையில் சொருகியிருக்கிறது என்பதைக் கொண்டு யூடெவ் விதி (லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் விதி) எழுதினேன். மேல் துளைக்கு மேடை 1, கீழ்த் துளைக்கு மேடை 2. துளைகளைச் சுற்றிச் சிவப்பு, மஞ்சள் நகப்பூச்சு, அதே நிறம் கேபிளிலும். அக்காவே பூசித் தந்தார். அதோடு, காலையில் முதல் வண்டிக்கு முன் ஒவ்வொரு மேடையிலும் ஒருவர் ஏறி நின்று எண் சரியான பெட்டியில் அசைகிறதா என்று பார்க்கும் பழக்கத்தையும் அவர்தான் தொடங்கி வைத்தார். எந்த விதியை எழுதினாலும் இதை நிறுத்தப் போவதில்லை.

தேதி

அடுத்து வந்தது, இருப்பதிலேயே நீண்ட நேரம் சுற்றவிட்ட கோளாறு. திங்கட்கிழமை காலைகளில் எடைமேடைக் கணினியில் அன்சிபிள் தோல்வி அடையும். தொகுப்புகளைப் புதுப்பிக்கும் படியில், களஞ்சியத்தின் ரிலீஸ் கோப்பு "இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை" என்று, தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் சொல்லும்.  ஆப்ட்-கேச்சர் பழைய கோப்பைத் தருகிறது என்று எண்ணி அதன் சேமிப்பை அழித்தேன், களஞ்சியத்தின் நகல் தளத்தை மாற்றினேன். பிறகு அதே திங்கட்கிழமை அச்சான ஓர் எடைச்சீட்டு கையில் கிடைத்தது. தேதி பல மாதங்கள் பின்னால்.

பயாஸ் திரையில் பார்த்தால் கணினி தயாரான ஆண்டின் சனவரி 1. லினக்ஸில் பார்த்தால் சில மாதங்களுக்கு முந்தைய ஒரு தேதி. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாததால், பேட்டரிதான் என்று உடனே சொல்லத் தயங்கினேன். விடை ஜர்னலில் ஒரே வரியில் இருந்தது: லினக்ஸில் சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டி, தான் தொகுக்கப்பட்ட நாளுக்கும் முந்தைய தேதியைக் கடிகாரம் காட்டினால், கடிகாரத்தை அந்தத் தொகுத்த நாளுக்கு நகர்த்திவிடும். லினக்ஸ் காட்டியது சிஸ்டம்டி பிறந்த தேதி. மதர்போர்டைக் கழற்றி சிஆர்2032 பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1.9. ஞாயிற்றுக்கிழமை எடைமேடை அறையின் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். மற்ற இரவுகளில் கணினி மட்டும்தான் அணைகிறது, மின்சாரம் இருக்கிறது, பேட்டரி தேவைப்படுவதில்லை. திங்கட்கிழமைக்கு அதுதான் காரணம்.

பேட்டரியை மாற்றினால் முடிந்துவிடும். ஆனால் இன்னொரு கணினியில் இன்னொரு நாள் இதே நடக்கும். ஏன் இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளவில்லை என்று பார்த்தால், ரவுட்டரில் நேர ஒத்திசைவுக்கான யுடிபி 123 வெளியே போக அனுமதி இல்லை. அதைப் பராமரிப்பவர்களிடம் கேட்டு, முதன்மை சர்வருக்கு மட்டும் திறக்க வைத்தேன். அதில் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி ஓடுகிறது; யார்டில் உள்ள மற்றவை எல்லாம் அதனிடம் நேரம் கேட்கின்றன. முதன்மை சர்வர் நேரம் எடுப்பது புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரிலிருந்து. இந்தியாவில் நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் நேரத்தை தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர்களோடு, அல்லது அவற்றின் வழியில் பெறும் சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்று, கணினிப் பாதுகாப்புக்கான இந்திய அரசின் அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஆணை வெளியிட்டது. பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே ஆணையில்தான். தேதி தவறிய பதிவேட்டை 180 நாள் வைத்திருந்து என்ன பயன்?

சீட்டு அச்சிடும் சேவை தொடங்கும் முன் குரோனியின் வெயிட்சிங்க் கட்டளை ஓட வேண்டும் என்று சிஸ்டம்டியில் எழுதினேன். நேரம் சரியாகும் வரை சேவை எழாது. தவறான தேதியில் சீட்டு தருவதைவிட அரை நிமிடம் காத்திருப்பது நல்லது.

கடற்காற்று

முழுச் சோதனை: மாற்று சர்வரில் புதிய 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, அனுமதிக் கோப்பு உருவாக்கி, பொத்தானை அழுத்தி, போஸ்ட்கிரெஸ் பேக்கப்பை மீட்டெடுப்பது வரை. முடிந்தது, ஆனால் 49 நிமிடம். 6 ஜிபி பேக்கப் கோப்பு வந்து சேரவே ஒன்பது நிமிடம் எடுத்தது. விநாடிக்கு 11 எம்பி என்றால் எண்ணே காட்டிக்கொடுக்கிறது: இணைப்பு ஆயிரம் எம்பிபிஎஸ்ஸில் இல்லை, நூறில் இருக்கிறது. இணைப்பின் வேகத்தைக் காட்டும் ஈத்டூல் கட்டளையும் அதையே சொன்னது.

ஆயிரத்துக்கு நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும். நூறுக்கு 1, 2, 3, 6 ஆகிய முனைகள் போதும். மற்றவற்றில் ஒன்று போனாலும் நூறுக்கு இறங்கி, எந்தப் புகாரும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பேட்ச் பேனலிலிருந்து கேபிளை உருவி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏழாவது முனையின் தங்கப்பூச்சு போய், அடியில் உள்ள செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. சர்வர் அறையின் சன்னல் கிழக்கு பார்த்தது. ஏசி ஓடாத நேரங்களில் அதைத் திறந்து வைப்பது வழக்கம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி வேலை செய்யும் எவருக்கும் இது புதிது இல்லை, கதவின் கீலிலிருந்து சைக்கிள் செயின் வரை பார்க்கும் விஷயம்தான். கேபிளை வெட்டி ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினேன். செம்பு உரிந்து உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. அந்தப் பெட்டிக் கேபிள் முழுவதையும் ஒதுக்கிவிட்டோம்.

திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கும் தொலைவு. முழுச் செம்பில், முனைகளில் 50 மைக்ரோ இஞ்ச் தங்கப்பூச்சு என்று குறிப்பிட்ட கேட்6 (Cat6) பேட்ச் கேபிள்கள் பத்து வாங்கினேன், ஒன்று ₹180. சாக்கெட்டுகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் கொண்டு துடைத்தோம். பயன்படாத சாக்கெட்டுகளுக்கு ரப்பர் மூடி. சன்னலை சிலிக்கோன் போட்டு அடைத்தாயிற்று. பேக்கப் கோப்பு இப்போது ஒரு நிமிடத்தில் வந்து சேர்கிறது. அந்த 41 நிமிடம் இப்படித்தான் கிடைத்தது.

இதற்குப் பிறகு அன்சிபிளின் வரிசையையே மாற்றினேன். முதலில் ஓடுவது 'ஆய்வு' என்ற பாகம். இணைப்பு ஆயிரத்தில் இருக்கிறதா, முழு டூப்ளெக்ஸா (இரு திசையும் ஒரே நேரத்தில்), கடிகார வேறுபாடு ஒரு விநாடிக்குள்ளா, வன்பொருள் கடிகாரமும் லினக்ஸ் கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா, டிஸ்க் தன் நலத்தைக் குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவேட்டில் பழுது உண்டா, இரண்டு சீரியல் மாற்றிகளும் உரிய துளையில் உள்ளனவா. ஒன்று தவறினாலும் அதற்கு மேல் ஒரு படியும் ஓடாது. ரேக்குக்குப் பின்னால் குனிந்து கண்ணால் பார்த்தவை எல்லாம் இப்போது அந்தப் பாகத்தில் வரிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு திங்கட்கிழமை அதிகாலையும் எல்லாக் கணினிகளிலும் அது மட்டும் தனியாகவும் ஓடுகிறது.

செலவு: சிறுபெட்டி ₹7,500, எஸ்எஸ்டி இரண்டு ₹3,300, சின்ன ஸ்விட்ச் ₹900, பேட்ச் கேபிள்கள் ₹1,800, சீரியல் மாற்றிகள் ₹1,300, ஐந்து பேட்டரி கொண்ட அட்டை ₹150, ஆல்கஹால் ₹220. மொத்தம் ₹15,170.

மீண்டும் தொடங்கினால் 'ஆய்வு' பாகத்தைத்தான் முதலில் எழுதுவேன், ஒரு தொகுப்பைக்கூட நிறுவுவதற்கு முன். சீரியல் மாற்றிகளை வரிசை எண் உள்ள சில்லில், கூட ஐந்நூறு கொடுத்தாலும் அப்படியே வாங்குவேன். துளையை நம்பும் விதி, கணினியை மாற்றும்போது மீண்டும் எழுத வேண்டியதாகிறது. பழைய பயாஸ் முறைக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ வழி பூட் செய்யும் கோப்புகளையும் சிறுபெட்டியில் சேர்க்க வேண்டும். அடுத்து வாங்கும் சர்வரில் பயாஸ் முறை இருக்கும் என்று நம்ப முடியாது. சிறுபெட்டியே செத்துப்போனால் என்ன செய்வது என்பதற்கு, அதை நிறுவும் அன்சிபிள் பாகத்தின் பிரதி என் மடிக்கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் இருக்கிறது. அதையும் வெற்று டிஸ்க்கிலிருந்து ஒரு முறை எழுப்பிப் பார்க்க வேண்டும்.

இன்னும் கைவேலையாக இருப்பது ஒன்று: எடைச்சீட்டுப் பிரின்டர். மூன்று பிரதி எடுக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ். தாள் எங்கே கிழிய வேண்டும் என்ற அளவை அதன் முன்பலகைப் பொத்தான்களில்தான் அமைக்க முடிகிறது. சீரியல் வழியாக அந்த அளவை அனுப்பும் கட்டளையைக் கையேட்டில் கண்டுபிடித்துவிட்டேன். அடுத்த ஞாயிறு, மேடையில் வண்டி இல்லாத நேரத்தில் அதை ஓட்டிப் பார்க்கிறேன்.